விட்ட இடத்திலிருந்து: ‘ரீஸ்டார்ட்’ பிறந்த கதை

2020 ஆனி மாதம். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, குளிக்கத்தான் ஆளில்லை. கொரோனாவுக்காக அருவிகளை அடைத்திருந்தார்கள். லாட்ஜுகளும் பூட்டிக் கிடந்தன. முப்பது வருடமாகச் சீசன் மாதங்களில் வீட்டில் தங்கியறியாத என் சித்தப்பா, அந்த ஆண்டு இலத்தூர் வீட்டுத் திண்ணையில் சாரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் முன்மேசை அவருடைய ராஜ்யம். யாருக்கு எந்த அறை, எவ்வளவு முன்பணம், எந்தச் சாவி எந்த ஆணியில் என்பதெல்லாம் அவர் கையில்.

நானும் சென்னையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மச்சில் கம்ப்யூட்டரைப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றாலைக் கோபுரங்களைக் கணினிக்குள் நிறுத்தி, காற்றடிக்க விட்டு, எங்கே விரிசல் விடும் என்று பார்ப்பது என் வேலை. தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்கள் கொண்டாடும் கணவாய்கள் நான்கு: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. அதில் ஒன்று எங்கள் ஜன்னலுக்கு நேர் மேற்கே இருந்தது. உண்மைக் காற்று ஜன்னலை அடிக்க, உள்ளே பொய்க் காற்று கோபுரத்தை அடிக்கும்.

இந்தப் பொய்க் காற்றுக்கு ஒரு சர்வதேச விதிமுறை உண்டு. ஐ.இ.சி. 61400 என்று பெயர். கோபுரத்தின் களைப்பைக் கணக்கிட, ஒவ்வொரு காற்று வேகத்துக்கும் பத்து நிமிடக் காற்று ஆறு விதமாவது வேண்டும் என்கிறது அது. நொடிக்கு 4 மீட்டரில் தொடங்கி இரண்டிரண்டாக ஏறி 24 வரை போனால் பதினொரு வேகம். பதினோராறு அறுபத்தாறு ரன். ஒரு ரன்னுக்கு என் கணினியில் பன்னிரண்டு நிமிடம். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் காலை ஒன்பதரைக்குள் முடிந்துவிட வேண்டும்.

முடியவில்லை. மூன்று மணிக்குச் செத்தது. மறுநாளும் அதே மூன்று மணி. மூன்றாம் நாள் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு ரன் முடியும்போதும், இதையெல்லாம் ஓட்டும் மென்பொருள் 300 மெகாபைட் மெமரியை எடுத்துவைத்துக்கொண்டு, திருப்பித் தராமல் அடுத்த ரன்னுக்குப் போனது. மொத்தம் 16 ஜிகாபைட். ஆரம்பத்திலேயே ஐந்து போய்விடும். மிச்சம் பதினொன்று. முப்பத்தாறு ரன்னில் அது தீரும். முப்பத்தேழாவதில் திரை உறையும். மென்பொருளின் பெயர் வேண்டாம். காசு கொடுத்து வாங்கியதுதான். செய்தவர்களுக்கு எழுதினேன். பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

“என்னடே, ராத்திரி பூரா முழிச்சிருக்க?” என்று காலையில் சித்தப்பா கேட்டார். மெமரி லீக் என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். மென்பொருள் வேலைக்கு இடம் கேட்கும், கணினி கொடுக்கும், வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், இது தருவதில்லை.

“இடத்தை அது உபயோகப்படுத்துதா?”

“இல்ல சித்தப்பா. சும்மாத்தான் கெடக்கு.”

“அப்ப சாவியைக் கொடுக்காமப் போயிட்டாம்னு சொல்லு,” என்றார். “சீசன்ல நடக்கும். ஆளு காலி பண்ணிட்டு மதுரை போய்ச் சேர்ந்திருப்பான், சாவி அவன் பையில இருக்கும். ரூம் காலியாத்தான் கெடக்கும். ஆனா நோட்டுல ஆளிருக்குன்னு இருக்குமே, நான் எப்படி இன்னொருத்தனுக்குக் கொடுக்க முடியும்? சாயங்காலம் பார்த்தா லாட்ஜ் ஃபுல்லு. உள்ள பாதி ரூம்ல ஈ காக்கா இருக்காது.”

நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் மெமரி லீக்கை இவ்வளவு சுத்தமாகச் சொல்லவில்லை. ‘கசிவு’ என்ற சொல்லே தப்பான படத்தைத் தருகிறது. கசிந்தால் வெளியே போகவேண்டும், இதில் எதுவும் வெளியே போவதில்லை. அறை அங்கேயே இருக்கிறது, சாவி இருக்கும் இடத்தைத்தான் யாரும் குறித்துவைக்கவில்லை.

“நீங்க என்ன செய்வீங்க?”

“ராத்திரி ஒரு மணிக்குக் கதவை அடைச்சிட்டு எல்லா ரூமையும் தட்டிப் பார்ப்போம். ஆளில்லாத ரூமுக்குப் பூட்டை மாத்திடுவோம். நோட்டுல புதுப் பக்கம். யாரு யாரு பாக்கி வைச்சிருக்காம்ங்கறதை மட்டும் பழைய பக்கத்துலேருந்து எழுதிக்கிடுவோம்.”

மென்பொருளுக்கும் அதையேதான் செய்யவேண்டியிருந்தது. இருபது ரன் ஓடியதும் அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. ஒரு புரோகிராம் செத்தால், அது பிடித்து வைத்திருந்த மெமரி முழுவதையும் இயங்குதளம் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். சாவி வந்ததா என்று பார்க்காது, பூட்டையே மாற்றிவிடும். பிறகு மென்பொருளை மறுபடி எழுப்பி, எந்த ரன்கள் முடிந்தன என்ற ஒரு சின்னப் பட்டியலைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து ஓடவிடுவது. இருபது, இருபது, இருபது, ஆறு. நாலு தடவையில் முடிந்தது. நாற்பது வரி ஸ்கிரிப்ட். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏதோ கண்டுபிடித்துவிட்ட மிதப்பு இரண்டு நாள் இருந்தது. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இந்த வைத்தியத்துக்கு என் அப்பாவைவிட வயது அதிகம்.

கணினியில் ஓடிய ஆரம்பகாலப் பெரிய கணக்குகளில் ஒன்று, எனியாக்கில் 1945 டிசம்பரில் தொடங்கிய ஹைட்ரஜன் குண்டுக் கணக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய அறை முழுக்க நின்ற இயந்திரம் அது. பதினேழாயிரத்துக்கு மேல் வால்வுகள். அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு இருந்த மெமரி, பத்து இலக்க எண்கள் இருபது. மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டாம், இருபதேதான். லாஸ் அலமாஸ் அணுகுண்டு ஆய்வகத்திலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த கணக்கோ லட்சக்கணக்கான துளை அட்டைகளில் இருந்தது. அட்டையைப் போடுவார்கள், இயந்திரம் ஒரு படி கணக்கிட்டு விடையை வேறு அட்டையில் துளைத்துத் துப்பும். அந்த அட்டையைக் கொண்டுபோய் மறுபடி வாயில் கொடுக்க வேண்டும். இடையில் வால்வு எரிந்துபோகும், எரியாத நாள் அபூர்வம். மாற்றிவிட்டு, கடைசியாகத் துப்பிய அட்டையிலிருந்து தொடர்வார்கள்.

மெமரி போதாமல் வந்த ஏற்பாடு அது. ஆனால் அதற்குள்ளேயே ‘ரீஸ்டார்ட்’ இருந்தது. நிலையை வெளியே எழுதிவை, இயந்திரம் செத்தால் எழுதியதைப் படித்துத் தொடர். யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாததால் வந்து சேர்ந்த பழக்கம்.

நம் பக்கத்திலும் மெமரி சின்னதுதான். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். டிஃப்ராக்கின் மெமரி 2,048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். இன்றைய கணக்கில் பத்து கிலோபைட். நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கம் ரோஜாப்பூ அதில் கால்வாசிகூட ஏறாது.

மெமரி சின்னதாக இருந்த அந்த நாட்களில் பொறியாளர்கள் செய்த வித்தைகளில் எனக்குப் பிடித்தது புரூஸ் ஐயன்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. வேல்ஸில் உள்ள சுவான்சியில் வேலை பார்த்தார். ஒரு பாலத்தையோ விமான இறக்கையையோ ஆயிரம் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் ஒரே பெரிய கட்டமாகச் சேர்த்துத் தீர்ப்பது அன்றைய வழக்கம். அந்தக் கட்டம் மெமரியில் அடங்காது. ஐயன்ஸ் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், கட்டத்தை முழுதாகச் சேர்க்கவே வேண்டாம் என்றார். துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே விடு. ஒரு புள்ளியைத் தொடும் கடைசித் துண்டும் வந்துவிட்டால் அந்தப் புள்ளியின் வேலை முடிந்தது. அதை அங்கேயே தீர்த்து, விடைக்கு வேண்டியதை டேப்பில் எழுதிவிட்டு, இடத்தைக் காலி செய். மெமரியில் எப்போதும் இருப்பது பாதி வேலையில் நிற்கும் புள்ளிகள் மட்டும்.

கல்யாணப் பந்தி நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊரையே ஒரே நேரத்தில் உட்காரவைக்க எந்த மண்டபத்திலும் இடமில்லை. மோர் சாதம் முடித்தவர் எழுந்ததும் இலை எடுக்கப்படும், அந்த இடத்தில் அடுத்தவர். (திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் தன் கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளுக்கு ‘ஃபீஸ்ட்’, அதாவது விருந்து, என்று பெயர் வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்ததில் வந்த பெயர்தான். ஆனாலும் செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ராக்கெட்டுக்கு விருந்து என்று நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.)

அதே காலத்துப் பொறியியல் மென்பொருள் ஒன்றில் ‘ரீஸ்டார்ட்’ அந்தப் பெயரிலேயே இருந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா, தன் மையங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கட்டமைப்பு மென்பொருள் வேண்டும் என்று 1960-களின் நடுவில் வேலையைத் தொடங்கியது. அதுதான் நாஸ்ட்ரான். 1970-இல் வெளியாருக்கும் கிடைத்தது. இன்றும் அதன் வம்சாவளிகள் விமானக் கம்பெனிகளில் ஓடுகின்றன.

நாஸ்ட்ரானுக்கு வேலை கொடுப்பது அட்டைக் கட்டு. அதில் ‘செக்பாயின்ட் யெஸ்’ என்று ஓர் அட்டையைச் சேர்த்துவிட்டால், ஓடும்போதே முக்கியமான கட்டங்களை ‘புதுப் பிரச்சனை டேப்’ என்று பெயரிட்ட டேப்பில் எழுதிக்கொண்டே போகும். கூடவே, எது எது எழுதப்பட்டது என்பதற்கு ஓர் அகராதியை அட்டைகளாகத் துளைத்துக் கையில் தரும். இயந்திரம் நின்றுபோனால், அந்த அகராதி அட்டைகளை அடுத்த கட்டோடு சேர்த்து, நேற்றைய டேப்பை ‘பழைய பிரச்சனை டேப்’ என்ற பெயரில் மாட்டி, மறுபடி ஓடவிட வேண்டியதுதான். நேற்று புதுப் பிரச்சனையாக இருந்ததே இன்று பழைய பிரச்சனை. வாழ்க்கையில் நமக்கும் இப்படி ஓர் அகராதி அட்டைக் கட்டு கிடைத்தால் தேவலை.

அந்த அகராதிதான் இந்தக் கதையின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் எழுதிவைப்பது எளிது, ஆனால் எழுதவே பாதி ராத்திரி போய்விடும். எதை எழுதாமல் விடலாம் என்பதில்தான் ஆள் தெரியும். இன்றைய கணக்கில் பாருங்கள். பத்து லட்சம் புள்ளிகள் உள்ள ஒரு மாதிரி. புள்ளிக்கு மூன்று திசை அசைவு, ஓர் எண்ணுக்கு எட்டு பைட். அசைவுகள் மொத்தமும் 24 மெகாபைட்டில் அடங்கும். வேகம் இன்னொரு 24. உலோகம் எங்கே எவ்வளவு நிரந்தரமாக வளைந்தது என்ற வரலாறு அதைவிட அதிகம். ஆனால் அந்த அசைவுகளைக் கண்டுபிடிக்கத் தீர்த்த கட்டம் பல ஜிகாபைட். அதை ஏன் எழுத வேண்டும்? அசைவு கையில் இருந்தால் கட்டத்தை மறுபடி கட்டிக்கொள்ளலாம். உலோகத்தின் வரலாற்றை மட்டும் மறுபடி கட்ட முடியாது. முதலிலிருந்து ஓட்டினால்தான் வரும். மறுபடி செய்யக்கூடியதை விடு, செய்யமுடியாததை எழுது. சித்தப்பாவின் பாக்கிப் பக்கம் அதுதான். யார் எந்த அறையில் என்பதைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். யார் எவ்வளவு தரவேண்டும் என்பது தட்டினால் தெரியாது.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழுதுவது? 1974-இல் ஜான் யங் என்பவர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். எழுத ஆகும் நேரத்தையும், இரண்டு சாவுகளுக்கு இடையே சராசரியாகக் கிடைக்கும் நேரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடு. எழுத நான்கு நிமிடமும், எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை சாவும் என்றால், ஏறக்குறைய அறுபத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுதலாம். அதைவிட அடிக்கடி எழுதினால் எழுதுவதிலேயே நேரம் போகும், அரிதாக எழுதினால் செத்தபின் திரும்ப ஓட்டுவதில் போகும். அன்றைய இயந்திரங்கள் எப்போது சாகும் என்று சொல்லமுடியாது, அதனால் சராசரி. என் மென்பொருளின் ஜாதகம் முப்பத்தேழாவது ரன்னில் எழுதியிருந்தது. எனக்கு வர்க்கமூலம் வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. ரீஸ்டார்ட் என்ற மருந்து வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் மெமரி லீக் என்ற நோய் பொறியியல் மென்பொருளுக்கு வந்தது. பழைய ஃபோர்ட்ரான் மொழியில் மெமரியைக் கேட்டு வாங்கும் வசதியே கிடையாது. நிரல் எழுதும்போதே இந்த வரிசைக்கு இவ்வளவு இடம் என்று அறைகளை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். வாடகைக்கு விடாத வீட்டில் சாவி தொலையாது. சி மொழி பரவி, ஓடும்போதே இடம் கேட்டு வாங்கும் பழக்கம் வந்தபிறகு, திருப்பித் தரும் பொறுப்பு நிரல் எழுதுபவர் தலையில் விழுந்தது. ஃபோர்ட்ரானுக்கே அந்த வசதி 1990-ஆம் ஆண்டின் வடிவத்தில்தான் முறையாக வந்தது. வசதி வந்தது, மறதியும் கூடவே வந்தது.

மறதியின் விலை என்ன என்று லண்டன் பார்த்தது. 1992 அக்டோபர் 26 அன்று அந்நகர ஆம்புலன்ஸ் சேவை புதிய கணினி முறைக்கு மாறியது. முதல் இரண்டு நாளிலேயே பெருங்குழப்பம், அதற்கு வேறு காரணங்கள். பாதி பழைய முறைக்குத் திரும்பிச் சமாளித்தார்கள். நவம்பர் 4 அதிகாலை மிச்சமிருந்ததும் நின்றது. ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் சர்வரின் மெமரியில் ஒரு துளியைப் பிடித்து, விடாமல் வைத்துக்கொள்ளும் நிரல் துண்டு ஒன்று உள்ளே கிடந்தது. முழு மாற்றத்துக்கு முன்பே புகுந்திருந்த அது, மூன்று வாரத்தில் சர்வரை நிரப்பிவிட்டது. அவ்வப்போது ரீஸ்டார்ட் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது.

ஏறத்தாழ அதே சமயத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனி நோயைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. பியூரிஃபை என்று பெயர். எந்த வரி மெமரியை வாங்கித் திருப்பித் தரவில்லை என்று சுட்டிக்காட்டும். அதன் கட்டுரை 1992-இல் வந்தது. எழுதிய இருவரில் ஒருவர் ரீட் ஹேஸ்டிங்ஸ். பியூர் சாஃப்ட்வேர் என்ற அவருடைய கம்பெனி பிறகு இணைந்து, விற்கப்பட்டு, அவர் 1997-இல் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கியதுதான் நெட்ஃப்ளிக்ஸ். சாவி திருப்பித் தராதவர்களைப் பிடித்த மனிதர், வாடகைக்குப் போன டிவிடியைத் திருப்பித் தரத் தாமதித்தால் அபராதம் இல்லை என்று பின்னால் கடை நடத்தினார்.

ஆனால் பியூரிஃபை போன்றவை நிரலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு. என்னைப்போல மென்பொருளை வாங்கி ஓட்டுபவனுக்கு அதைச் செய்தவர்கள் தயவுதான். அப்படிப்பட்டவர்களின் வைத்தியத்துக்குப் படித்தவர்களின் அங்கீகாரம் 1995-இல் கிடைத்தது. ஏ.டி. அண்ட் டி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த யென்னுன் ஹுவாங், சந்திரா கிண்டலா முதலான நால்வர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நீண்ட நேரம் ஓடும் மென்பொருளுக்கு வயதாகிறது, மெமரி குறைகிறது, பிழைகள் சேர்கின்றன, எனவே அது தானாக விழுவதற்கு முன் நாமே நிறுத்திச் சுத்தம்செய்து மறுபடி எழுப்பவேண்டும் என்பது சாரம். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்குத் தமிழில் ‘புத்துயிரூட்டல்’ என்று பொருள். பொதிகை மலைக்குக் கீழே பிறந்தவன் என்ற முறையில் நான் அதைக் காயகல்பம் என்றே படித்தேன். டியூக் பல்கலைக்கழகத்தின் கிஷோர் திரிவேதி இந்தத் துறையைப் பிறகு வளர்த்தெடுத்தார். எப்போது நிறுத்தினால் நஷ்டம் குறைவு என்பதற்குப் பக்கம் பக்கமாகக் கணிதம் இருக்கிறது.

படிப்பாளிகள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க, கைவேலைக்காரர்கள் அதை ஒரு திருகாணியாகவே மாற்றிவிட்டார்கள். இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கிய அப்பாச்சி சர்வரில், ஒரு வேலையாள் புரோகிராம் இத்தனை இணைப்புகளுக்குப் பிறகு சாகவேண்டும் என்று எண் குறிக்க ஓர் அமைப்பு உண்டு. எதற்கு என்று அதன் கையேடே சொல்கிறது: தற்செயலான மெமரி லீக்கால் ஒரு புரோகிராம் தின்னக்கூடிய மெமரிக்கு வரம்பு கட்ட. பைத்தானிலும் அதேபோல ஒன்று உண்டு, ஒரு தொழிலாளிக்கு இத்தனை வேலை, பிறகு புது ஆள். என் நாற்பது வரி ஸ்கிரிப்டை அதைக்கொண்டு நான்கே வரியில் எழுதியிருக்கலாம் என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த எண்ணைச் சொல்லுவதுதான் முக்கியம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1991 வளைகுடாப் போரில் ஒரு சம்பவம். பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு முறை, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணும். பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டியதில், ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நூலிழைப் பிழை. இது லீக் அல்ல, ஆனால் லீக்கைப்போலவே ஓட ஓடச் சேர்வது, அணைத்துப் போட்டால் மறைவது. எட்டு மணிநேரம் ஓடினாலே குறி பிசகுகிறது என்று இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11-இல் கண்டு சொன்னார்கள். பிப்ரவரி 21-இல் படைகளுக்கு ஓர் எச்சரிக்கை போனது: ‘மிக நீண்ட நேரம்’ ஓட்டினால் பிசகு வரலாம். மிக நீண்ட நேரம் என்றால் எவ்வளவு? அதில் இல்லை. சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் பிரிவு நூறு மணிநேரமாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் மூன்றில் ஒரு நொடி பிசகியிருந்தது. எதிரியின் ஸ்கட் ஏவுகணையின் வேகத்துக்கு அது அரைக் கிலோமீட்டருக்கும் மேல். பிப்ரவரி 25 இரவு வந்த ஸ்கட்டை அது தேடியது தவறான இடத்தில். படைவீரர் தங்கியிருந்த கொட்டகையில் 28 பேர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

பின்னால் வந்தவர்கள் எண்ணைச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஒரு கணக்கு நிரம்பி வழிந்து மின்சாரமே போகலாம் என்று 2015-இல் தெரிந்தது. அமெரிக்க விமானத் துறை, அதற்குள் ஒருமுறை முழுதாக அணைத்துப் போடச் சொல்லி ஆணையிட்டது. ஏர்பஸ் ஏ350-இன் ஒரு வகைக்கு ஐரோப்பியத் துறை சொன்ன எண் 149 மணிநேரம். கோடிக்கணக்கான டாலர் விமானத்துக்கும் ‘ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’தான்.

அணைத்துப் போட்டும் சரியாகாதது ஒன்று உண்டு. அது செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது. 2004 ஜனவரியில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, பதினெட்டாம் நாள் திடீரென்று ஊமையானது. ரீஸ்டார்ட் ஆனது, மறுபடி ஆனது, அறுபது தடவைக்கும் மேல் ஆனது. ஒவ்வொரு முறை எழும்போதும் தன் ஃபிளாஷ் மெமரியில் இருந்த கோப்புகளின் பட்டியலை வேலை மெமரிக்குள் ஏற்றப் பார்க்கும். பூமியிலிருந்து போன பயணத்தின்போது சேர்ந்த கோப்புகளும் அழிக்கப்படாமல் கிடந்ததால், பட்டியல் மெமரிக்குள் அடங்காது. விழும், எழும், அதே பட்டியலை எடுக்கும். கடைசியில், ஃபிளாஷைத் தொடாமல் ஊனமாகவே எழுந்திரு என்று ஒரு கட்டளையைப் பூமியிலிருந்து அனுப்பினார்கள். எழுந்தது. பிறகு பழைய கோப்புகளை அழித்து, ஃபிளாஷையே துடைத்து எழுதினார்கள். தொண்ணூறு நாளுக்கென்று போன ஊர்தி, 2010 வரை பேசியது. பழைய நோட்டை அப்படியே புது நோட்டில் பிரதி எடுத்தால் பூட்டை மாற்றி என்ன பயன் என்று சித்தப்பா கேட்பார். கேட்டார். இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

2020 டிசம்பரில் குற்றால அருவிகளைத் திறந்தார்கள், சித்தப்பா மேசைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு என் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில் பதினாறாவதாகவோ பதினேழாவதாகவோ ஒரு வரி: தொடர் ரன்களில் மெமரி விடுவிக்கப்படாத பிழை சரிசெய்யப்பட்டது. அறுபத்தாறையும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. ஆனாலும் ஸ்கிரிப்டை எடுக்கவில்லை. இன்னும் இருபதுக்கு ஒருமுறை அது மென்பொருளைக் கொன்று எழுப்புகிறது. இப்போது அணியில் வேறு நாலு பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள், இருவர் புனேக்காரர்கள். இருபது என்ற எண்ணைத் தாங்கும் மாறிக்கு ‘சாவி’ என்று ஏன் பெயர் என்று போன மாதம் ஒருவர் கேட்டார். குற்றாலத்துக்கு வாருங்கள், சீசனில் சொல்கிறேன் என்றேன்.